பானட்டில் மூன்று பட்டை

கறுப்புக் கார் வேண்டாம் என்று வீட்டில் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். 2014 மாடல் ஸ்விஃப்ட், ஒரே ஓனர் ஓட்டியது, விலையும் படிந்தது. நிறம் பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் ஆகுமா என்று எடுத்துவிட்டேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. கறுப்பு என்பது கழுவிய பத்து நிமிடத்துக்குத்தான் கறுப்பு. மற்ற நேரமெல்லாம் ரிங் ரோட்டுப் புழுதி என்ன நிறமோ அந்த நிறம்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் மெழுகைத் தேடிப் போனேன். மூன்று டப்பா வாங்கி, ஒரே பானட்டில் மூன்றையும் பட்டை பட்டையாகப் பூசி, சித்திரையில் இருந்து ஐப்பசி வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். கல்யாண வீட்டு வாசலில் ஒரு நாள் மின்னினால் போதும் என்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. பூசினது நாள்பட நிற்க வேண்டும் என்பவர்களுக்கு உதவும்.

மெழுகைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சுங்குடித் தொழில். முடிச்சுப் போடுகிற பழைய சுங்குடி இல்லை, மெழுகு அச்சு. கைத்தறி நகர் பக்கம் சின்னப் பட்டறை. பாரஃபினையும் ரோசினையும் சேர்த்து உருக்கி, அச்சை அதில் முக்கித் துணியில் ஒற்றி எடுப்போம். மெழுகு ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினால் மெழுகு கழன்று மேலே மிதக்கும், துணியில் வெள்ளைப் பூ தெரியும். இருபது வருடமாக இதே வேலை. ஆகவே கார் மெழுகு என்ன பெரிய கம்பசூத்திரமா என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

அந்த மிதப்பில் ஒரு காரியம் செய்தேன். பட்டறை மெழுகில் ஒரு துண்டை டர்பன்டைனில் ஊறவைத்துக் கரைத்து, பெட்ரோல் மூடி மேல் மட்டும் பூசிப் பார்த்தேன். சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் வெயிலில் நின்ற பிறகு பார்த்தால், அந்த மூடி மட்டும் கடலை மாவில் புரட்டி எடுத்த பஜ்ஜி மாதிரி. பறக்கிற தூசியெல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி நடக்கும்? நாங்கள் வாங்குகிற பாரஃபின் அறுபது டிகிரிக்கு முன்னாலேயே இளகிவிடும். மே மாதத்து மதுரை வெயிலில் கறுப்புத் தகடு கை வைக்க முடியாத சூட்டில் கிடக்கும். உருகி ஓடாவிட்டாலும் பிசுபிசுவென்று ஆகிவிடும். மெழுகில் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பு இல்லை, கடினம். இதை என் தொழிலே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெட்ரோல் மூடிதான் சொல்லித் தந்தது.

கார் மெழுகு விற்பவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்கிற பெயர் கர்னாபா. அது ஒரு பனை. பிரேசில் நாட்டின் வடகிழக்கில், மழை பொய்க்கிற சியாரா, பியாவி மாநிலங்களில் வளர்கிறது. நம் பனைக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஓலையில் இருக்கிற ஈரம் ஓடிப்போகாமல் இருக்க மரம் தானே ஓலைமேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். உருகுவதற்கு 82 முதல் 86 டிகிரி வரை வேண்டும். தேன்மெழுகு 62, 64-லேயே உருகிவிடும். இயற்கையில் கிடைக்கிற மெழுகுகளில் இவ்வளவு கெட்டியானது வேறு கிடையாது என்பார்கள். குழந்தைகள் தின்கிற மிட்டாயின் மேலும் மாத்திரையின் மேலும் இருக்கிற பளபளப்பு பல நேரம் இதே மெழுகுதான். பாக்கெட்டில் ஈ903 என்று போட்டிருந்தால் அது இது.

ஆனால் 'நூறு சதவீதம் கர்னாபா' என்று ஒருவர் டப்பாவைக் காட்டினால் கொஞ்சம் சிரித்துவிட்டு வாருங்கள். சுத்தமான கர்னாபா செங்கல் மாதிரி இருக்கும். தேய்த்தால் பெயின்ட்டில் ஏறாது. அதை எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகு எல்லாம் சேர்த்து இளக்கினால்தான் விரலுக்கு வரும். எதைச் சேர்த்து இளக்கினார்கள், எவ்வளவு சேர்த்தார்கள் என்பதில்தான் டப்பாவுக்கு டப்பா வித்தியாசம். டப்பா மேல் அதை எழுதமாட்டார்கள்.

இதற்கு நடுவில் ஊர் என்ன சொல்கிறது என்றும் கேட்டேன். பக்கத்து வாட்டர் வாஷ் கடையில் 'வேக்ஸ் பாலிஷ்' என்று அறுநூறு ரூபாய். ஒரு முறை போட்டேன். கார் கண்ணாடி மாதிரி வந்தது, பையன் பெயர் சொல்லி வாழ்த்தினேன். இரண்டாவது கழுவலில் பழைய கோடுகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டன. அது மெழுகே இல்லை, கோடுகளுக்குள் எண்ணெயை நிரப்பி மறைக்கிற திரவம். பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் செராமிக் கோட்டிங் சொன்னார்கள், பெயின்ட்டின் மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ரசாயனப் பூச்சு. இருபதாயிரத்தில் ஆரம்பித்தார்கள். செராமிக் மோசம் என்று சொல்லமாட்டேன், மெழுகைவிட அதிக நாள் நிற்கும். ஆனால் பத்து வருடம் ஓடிய காருக்கு அதைப் போடுமுன் பாலிஷ் மிஷின் வைத்து மொத்தத்தையும் தேய்க்க வேண்டும், மெழுகு மாதிரி நானே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்ய முடியாது. என் காரின் விலைக்கு அது பொருந்தவில்லை.

மாட்டுத்தாவணி பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற தம்பிதான் சரியாகச் சொன்னான். "அண்ணே, பெயின்ட்டுக்கு மேல கிளியர் கோட்டுன்னு ஒண்ணு இருக்கு, கண்ணாடி கணக்கா. தலைமுடியை விட மெல்லிசு. பாலிஷ் போடுறப்பல்லாம் அதைத்தான் சீவுறீங்க. மெழுகு அது மேல உக்காரும், அதைத் தின்னாது. அங்கிட்டும் இங்கிட்டும் கேட்டுக்கிட்டுத் திரியாம கட்டி மெழுகா ஒரு டப்பா வாங்குங்க." நம் ஊரில் மெழுகு பூசுவதையும் பாலிஷ் போடுவதையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பாலிஷ் தேய்த்துக் கழிப்பது. மெழுகு பூசி மூடுவது. கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வருடம் நாலு முறை பாலிஷ் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

சரி, டப்பாக்களுக்கு வருவோம்.

முதல் டப்பா டவுனில் ஆட்டோ சாமான் கடை ஒன்றில் வாங்கியது. 150 கிராம், முந்நூற்றைம்பது ரூபாய். பெயர் வேண்டாம். மூடியைத் திறந்ததும் கேக் மேல் போடுகிற கிரீம் மாதிரி மெத்தென்று இருந்தது, வாழைப்பழ எசன்ஸ் வாசம். இரண்டாவது டப்பா கர்னாபா பேஸ்ட், வெளிநாட்டுக் கம்பெனி, விலை அதைப்போல் மூன்று மடங்கு. மஞ்சள் வெண்ணெய் நிறம், தேங்காய் வாசம், கூடவே ஸ்பான்ஜும் ஒரு துணியும். திறந்து வைத்தால் தின்னத் தோன்றும். மூன்றாவது, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் யூட்டிகா என்ற ஊரில் 1936 முதல் மெழுகு செய்கிற கொலினைட் கம்பெனியின் 476எஸ். கால் கிலோ சொச்சம் எடை. ஆன்லைனில் மூவாயிரத்தை ஒட்டிக் கொடுத்தேன். கொடுத்த அன்று ராத்திரி வீட்டில் விலையைப் பாதியாக்கிச் சொன்னேன். தகர டப்பா, பழைய பூட் பாலிஷ் டப்பாவின் அண்ணன் மாதிரி. வாசம் என்று ஒன்றும் இல்லை, பெயின்ட் கடையில் நுழைந்த மாதிரி கரைப்பான் நெடி. விரலால் அழுத்தினால் லேசில் பள்ளம் விழாது. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. பட்டறையில் நல்ல மெழுகும் அப்படித்தான், பார்க்க அழகாக இருக்காது.

அழகர் மலைக்குத் திரும்பிய மறு ஞாயிறு சோதனை ஆரம்பம். காரைக் கழுவி, களிமண் கட்டி (மண் இல்லை, பெயின்ட்டில் ஒட்டின அழுக்கை எடுக்கவென்று கடையில் விற்கிற கட்டி) தேய்த்து, கொஞ்சம் பாலிஷும் போட்டுச் சமமாக்கிய பிறகு, தம்பியிடம் வாங்கிய மாஸ்கிங் டேப்பால் பானட்டை மூன்றாகப் பிரித்தேன். டிரைவர் பக்கம் மலிவு டப்பா, நடுவில் கர்னாபா, இடது பக்கம் கொலினைட். நடுப்பட்டைக்கு இன்ஜின் சூடு கொஞ்சம் கூடுதல், அதை கர்னாபாவுக்குச் சாதகமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசிய அன்றைக்கு யாரைக் கேட்டாலும் நடுப்பட்டைக்குத்தான் ஓட்டு. என் மனைவி, பட்டறைப் பையன்கள், எதிர் வீட்டு ரிட்டயர்டு சார், எல்லோரும் ஒரே குரல். கறுப்புக்கு ஆழம் வந்திருந்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. இடது பட்டை கொஞ்சம் வறட்டுப் பளபளப்பு, தகடு போல. மலிவு டப்பா இரண்டுக்கும் நடுவில். அன்றைக்கே முடிவெழுதியிருந்தால் இந்தக் கட்டுரை தலைகீழாக இருந்திருக்கும்.

எங்கள் கார் நிற்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். பட்டறை வாசலில் கூரை கிடையாது. காலையில் புங்கமரத்து நிழல், பதினொரு மணிக்கு மேல் சுத்த வெயில். புங்கமரம் நிழலுக்கு நல்லது, காருக்கு எதிரி. இலையில் இருக்கிற பூச்சிகள் கொட்டுகிற பிசின் பொட்டுப் பொட்டாக விழுந்து வெயிலில் இறுகிவிடும். இதுபோக சாயத்தொட்டிக்கு எடுக்கிற போர் தண்ணீர். பையன்கள் கையை உதறினால் காரில்தான் விழும். எங்கள் போர் தண்ணீர் எப்படி என்றால், கெட்டிலில் ஒரு மாதம் காய்ச்சினால் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். சொட்டு காய்ந்தால் வெள்ளை வளையம். தண்ணீர் போய்விடும், அதில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் போகாது. ஞாயிற்றுக்கிழமைக் கழுவல் மட்டும் கார்ப்பரேஷன் தண்ணீர், அதையும் கழுவிய கையோடு துடைத்துவிடுவேன்.

சோதனை ஒன்றும் பெரிதில்லை. கழுவித் துடைத்த பிறகு ஒரு மக் தண்ணீரை மூன்று பட்டை மேலும் வீசுவேன். மெழுகு உயிரோடு இருந்தால் தண்ணீர் தாமரை இலைமேல் நிற்கிற மாதிரி குண்டு குண்டாக முத்துக்கட்டும். வலு குறையக் குறைய முத்து தட்டையாகும், ஓரம் கோணலாகும். செத்துவிட்டால் பாய் விரித்த மாதிரி படர்ந்து நிற்கும். எங்கள் தொழிலில் மெழுகு பிடிக்காத இடத்தில் சாயம் படர்கிற அதே மாதிரி. இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மலிவு டப்பா ஐந்தாவது ஞாயிறு படுத்துவிட்டது. இரண்டு கோடை மழை, அவ்வளவுதான்.

கர்னாபா வைகாசி முழுக்க நன்றாக நின்றது. ஆனியில் முத்து தட்டையானது. ஆடி பிறந்த முதல் வாரம் டிரைவர் பக்கத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிட்டத்தட்ட பதினோரு வாரம். அது குறை இல்லை, இந்த வெயிலில் நல்ல கணக்குதான். ஆனால் பதினோரு வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பூச வேண்டும் என்றால் என்னால் ஆகாது.

ஆடிக்காற்றில் இடது பட்டையும் போய்விட்டது என்றே நினைத்தேன். சின்னாளபட்டிக்குச் சரக்கு எடுக்க நாலுவழிச் சாலையில் போய் வந்த மறுநாள் தண்ணீர் ஊற்றினால் முத்து இல்லை, சோம்பலாக வழிந்தது. சரி முடிந்தது என்று நோட்டில் எழுதக்கூட எழுதிவிட்டேன். அப்புறம் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஊற்றினேன். பழையபடி முத்து. மேலே புழுதி ஒரு தோல் மாதிரி படிந்திருந்திருக்கிறது, அடியில் மெழுகு அப்படியே இருந்தது. ஆகவே முத்துக்கட்டவில்லை என்றதும் மெழுகு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கழுவுங்கள். நோட்டில் எழுதினதை அடித்தேன்.

அடுத்து மைனா. ஆவணியில் ஒரு சனிக்கிழமை, சரியாக நடுப்பட்டையிலும் இடது பட்டையிலும் பாதிப் பாதியாக எச்சம். ஒரு முழுப் பகல் கவனிக்கவில்லை. எச்சம் அமிலம் என்பதால்தான் அரிக்கிறது என்று நினைத்திருந்தேன், வெயிலுக்கும் அதில் பங்கு உண்டாம். சூட்டில் கிளியர் கோட் இளகி விரியும், எச்சம் காய்ந்து இறுகும். சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது அந்த இறுகின எச்சத்தின் வடிவத்துக்கே கிளியர் கோட்டும் படிந்துவிடும். அதுதான் பள்ளம் மாதிரி தெரிகிற அந்தத் தடம். ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்தேன். நடுப்பட்டையில் ஒரு மங்கல் தங்கிவிட்டது, சாய்த்துப் பார்த்தால் இன்றும் தெரியும். இடதில் இல்லை. மெழுகு எச்சத்தைத் தடுத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுக்கும். மூன்று நாள் விட்டிருந்தால் இடதுக்கும் அதே கதிதான்.

நான் திட்டம் போடாத சோதனை ஆயுத பூஜை அன்று நடந்தது. நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் பூஜை முடியாது. முந்தின வருடம் வைத்த பொட்டை இரண்டு நாள் கழித்துத் துடைத்ததில் மஞ்சள் வளையம் ஒன்று தங்கி, பாலிஷ் போட்டுத்தான் போனது. குங்குமத்துக்கு மூலமே மஞ்சள்தான், அது சாயம். துணிக்கே சாயம் ஏற்றுகிறவனுக்கு இது தெரியாமல் போனதை என்ன சொல்வது. இந்த வருடம் என் மகளுக்குப் பட்டைக் கணக்கு எல்லாம் தெரியும். மூன்று பட்டையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டு, "அப்பா, மூணுக்கும் ஒரே அளவு" என்றாள். மறுநாள் காலையில் துடைத்தேன். இடதில் ஒரே இழுப்பு, பொட்டு இருந்த அடையாளம் இல்லை. மற்ற இரண்டிலும் லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது. கொலினைட் பூசி அப்போது ஐந்து மாதம் தாண்டியிருந்தது. முத்து அன்றைக்கும் கட்டியது, முன்னைவிடத் தட்டையாக. தீபாவளியை ஒட்டிப் பிடித்த அடைமழையில்தான் அதுவும் ஓய்ந்தது.

இனி என் முட்டாள்தனம். சோதனை முடிந்ததும் ஜெயித்த டப்பாவை எடுத்து முழுக் காருக்கும் பூசினேன். பானட் சோதனையின்போது நிழலில், விரல் நுனி அளவு எடுத்துத்தான் பூசியிருந்தேன். இப்போது மழை விட்ட ஒரு நாள், கல்யாணத்துக்குப் போகிற அவசரம், காலை பத்தரை வெயில், காரின் கூரை தோசைக்கல். நன்றாக இருக்கட்டும் என்று தாராளமாக வேறு அப்பினேன். முழுக் காரையும் பூசி முடித்துவிட்டுத் துடைக்க வந்தால், துணி நகரவில்லை. காய்ந்து போன வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொண்டது. தோள்பட்டை கழன்றது, கோடு கோடாக வெள்ளை வெள்ளையாக நின்றது. கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம்.

சாயங்காலம் டிங்கரிங் தம்பிக்கு போன் போட்டேன். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான். "அதே மெழுகைத் துளி எடுத்து அது மேலயே தடவுங்க, உடனே துடைங்க." புது மெழுகில் இருக்கிற கரைப்பான் பழையதை இளக்கிவிடுகிறது. ஒரு கதவுக்கு இரண்டு நிமிடம், வந்துவிட்டது. இதில் மெழுகின் குற்றம் ஒன்றும் இல்லை, கெட்டி மெழுகின் குணமே அதுதான். நாள்பட நிற்கிற மெழுகு, தப்பாகப் பூசினாலும் நாள்பட நிற்கும்.

இப்போது செய்கிற விதம் இது. சாயங்காலம் ஐந்துக்கு மேல், தகடு கைக்குச் சூடு தெரியாமல் ஆறிய பிறகு. முதலில் கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டுப் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பேன். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிகிற இடமெல்லாம் கவருக்குள் இருந்து தடவினால் ரவை மாதிரி நெருடும். அந்த நெருடல் போகக் களிமண் கட்டியைச் சோப்புத் தண்ணீரோடு தேய்க்க வேண்டும். அதைச் செய்யாமல் மெழுகு பூசினால் ரவைக்கு மெழுகு பூசினதாகத்தான் ஆகும். அப்புறம் ஸ்பான்ஜை லேசாக ஈரப்படுத்தி, டப்பாவில் ஒரு அரைத் திருப்பு. ஒரு கதவுக்கு அது போதும். பூசின இடம் தெரிகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாக. ஒரு கதவு முடிந்ததும் நின்றுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கும். சுண்டுவிரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். கோட்டுக்குள் பெயின்ட் சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம். ஈஷிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு நிமிடம். கதவுக்குக் கதவு இதேபோல. எங்களுக்கு ஈரக்காற்று இருக்கிற ஐப்பசியில் நாலைந்து நிமிடம் ஆகிறது, மாசியில் இரண்டே நிமிடம்.

துடைக்க மைக்ரோஃபைபர் துணிதான், இரண்டு வேண்டும், ஒன்று எடுக்க, ஒன்று மினுக்க. பழைய பனியனை எடுக்காதீர்கள். துணி மெத்தென்று இருக்கும், தையல் நூல் கறுப்பில் கோடு போடும். பம்பர் ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் மெழுகு பட்டால் வெள்ளையாகக் காய்ந்து அசிங்கம், முன்கூட்டியே டேப் ஒட்டுவது நல்லது. ஒட்ட மறந்தால் பள்ளிக்கூட அழிரப்பர் கொஞ்சம் உதவும். மறுநாள் சாயங்காலம் இரண்டாவது கோட் ஒன்று. முதல் தடவையில் விட்டுப்போன இடத்தை மூடத்தான் அது, கனம் கூட்ட இல்லை.

பணக் கணக்கு. சாயம் நிறுக்கிற சின்னத் தராசு பட்டறையில் இருக்கிறதே, டப்பாவை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தேன். முழுக் காருக்குக் கொலினைட் ஒரு கோட் சுமார் பத்து கிராம். ஒரு டப்பாவில் இருபத்தைந்து கோட் வரும். கோட்டுக்கு நூற்றிருபது ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு கோட் என்றாலும் ஐந்நூறுக்குள். மலிவு டப்பா மெத்தென்று இருப்பதால் கை தாராளமாக எடுக்கிறது, கோட்டுக்கு இருபத்தைந்து கிராம். ஆறு கோட்டில் டப்பா காலி, கோட்டுக்கு அறுபது ரூபாய்க்குப் பக்கம். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை என்றால் வருடம் அறுநூறு ரூபாய், பத்து ஞாயிற்றுக்கிழமை. ரூபாயில் பெரிய வித்தியாசம் இல்லை என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது.

கொலினைட் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. என் மச்சான் திருநகரில் வெள்ளை காருக்கு ஜப்பான் சாஃப்ட்99 கம்பெனியின் ஃபுஸ்ஸோ கோட் போடுகிறார். ஃபுஸ்ஸோ என்றால் ஜப்பானிய மொழியில் ஃப்ளோரின். பெயரிலேயே 12 மாதம் என்று இருக்கும். வெளிர் நிறத்துக்கு ஒரு டப்பா, அடர் நிறத்துக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாக வருகிறது. அவர் காருக்குப் போர்டிகோ உண்டு. எட்டு மாதம் தாண்டியும் முத்து கட்டியதை நானே பார்த்தேன். கரைப்பான் நெடி கொலினைட்டைவிடத் தூக்கல், மூடிய ஷெட்டுக்குள் பூச வேண்டாம். என் புங்கமரத்தடியில் அதைச் சோதிக்கவில்லை, அதனால் ஒப்பிட்டுச் சொல்லமாட்டேன்.

கூரைக்குள் நிற்கிற கார், மாதம் இரண்டு தடவை கோவிலுக்கும் விசேஷத்துக்கும் எடுப்பது, கழுவுவதே ஒரு சுகம் என்றால் கர்னாபா வாங்குங்கள். அந்த ஆழம் கெட்டி மெழுகில் வராது. நானே மகள் வளைகாப்புக்கு முந்தின நாள் மிச்சம் இருந்ததை எடுத்துக் கொலினைட்டுக்கு மேல் பூசினேன், நன்றாக உட்கார்ந்தது. வெயிலில் நின்று, போர் தண்ணீர் குடித்து, நாலுவழிச் சாலையில் ஓடுகிற காருக்கு வாசம் இல்லாத, விரலுக்கு இளகாத தகர டப்பா.

டப்பாவைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் உள்ளே இளகிப் பிரிந்து, மறுபடி இறுகும்போது எண்ணெய் ஒரு பக்கம், மெழுகு ஒரு பக்கம் நிற்கும். மூடியை இறுக்கி மூடாவிட்டால் கரைப்பான் பறந்து வெடிப்பு விட்டுப்போகும், கரிசல் காடு மாதிரி. என்னுடையதைச் சாயப்பொடி அலமாரியில் மேல் தட்டில் வைத்திருந்தேன். போன மாதம் எதிர் வீட்டு சார் ஒரே ஒரு தடவைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு மூன்று மகன்கள், மூன்று பேருக்கும் கார். இன்று சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும்.